மகன் விட்ட ஓரடி இடைவெளி

மூன்று நாளாக வாய் திறக்காத மகாராணிக்கு,

சோறு மூடியிருக்கிறது. குழம்பில் உப்பு கூடிப்போய் ஒரு சமுத்திரத்தையே கரைத்திருக்கிறேன், வெந்நீர் விட்டுக்கொள்.

எள் வயலுக்குப் போகிறேன். நம் பிள்ளை சாவதற்கு முன் கடைசியாக விதைத்தது. "மணல்ல நெருக்கி விதைக்காதப்பா, உரத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் போடணும்" என்றான். ஓய்வுபெற்ற மேதையான எனக்குக் காது கேட்குமா? அவன் வரிசைகளுக்கு இடையில் மறுநாளே நானும் விதைத்து, மூட்டை உரத்தையும் ஒரேயடியாகக் கொட்டினேன். உலகத்துக்கே எண்ணெய் ஊற்றுவதாகத் திட்டம்! மழையில் உரமெல்லாம் மணலுக்குள் இறங்கிவிட்டது. பயிர் வெளுத்து நிற்கிறது.

உன் கோபம் நியாயம். நான் போட்டதைப் பிடுங்கிவிடுகிறேன்.

பி.கு.: நேற்றும் போனேன். ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. எந்த வரிசை அவனுடையது என்று தெரியவில்லை. அவன் விதைத்தபோது வரிசை நேராக வரக் கயிறு பிடித்தவள் நீதான். வந்து காட்டு.