நரிக்குட்டிக்கு நான் சொன்ன கதை

10-2-1958, திங்கள்
நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு. பாதிப் பேருக்குப் புரியவில்லை.

மத்தியானம் ஹெட்மாஸ்டர் ரெங்கராஜ் சார் கூப்பிட்டார். திருச்சியிலிருந்து சர்க்கார் படவண்டி புதன்கிழமை கீரமங்கலத்துக்கு வருகிறதாம். வெள்ளைக்காரப் பையன் ஒருவனும் நரியும் சிநேகமாகிற படம். பேச்செல்லாம் இங்கிலீஷ். "மேரி டீச்சர், நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க. மைக்ல நின்னு பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொல்லிருங்க" என்றார். சரி என்றேன். இங்கிலீஷில் நான் மூன்றாம் தடவைதான் பாஸ் செய்தேன் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

12-2-1958
ஊரே சந்தைத் திடலில் உட்கார்ந்திருந்தது. மெஷின் ஓட்டும் ஞானமணி, தமிழில் அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். "கதைச் சுருக்கம் டீச்சர். வச்சுக்கங்க."

"இவங்களுக்கு எதுக்குங்க இது?" என்று ஹெட்மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாங்கவில்லை.

படத்தில் பேசியதில் பத்தில் ஒன்றுதான் பிடிபட்டது. மீதியைத் திரையில் தெரிந்த முகங்களைப் பார்த்து ஊகித்துச் சொன்னேன். போகப் போகப் பயம் விட்டுப்போய், நன்றாகவே வந்தது. கடைசியில் நரிக்குச் சீக்கு. வாயில் நுரை. பையன் அதனிடம் ஓடுகிறான், அப்பா பிடித்து நிறுத்தி என்னவோ சொல்கிறார், பையன் அழுகிறான். அப்புறம் பார்த்தால் நரி புல்வெளியில் துள்ளி ஓடுகிறது. "பையன் அதை மடியில் வைத்துப் பால் ஊட்டினான், நரி பிழைத்துக்கொண்டது" என்று சொல்லி முடித்தேன். ஒரே கைத்தட்டல்.

13-2-1958
என் வகுப்பு சம்சுன் நிஹார் காலையிலேயே ஓடி வந்தாள். அவள் அத்தா ஜைனுதீன் கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவந்து இங்கே விற்கிறவர். முந்திரிக் கொல்லையில் தாயில்லாமல் கிடந்த நரிக்குட்டி ஒன்றை இரண்டு மாதமாக வளர்க்கிறாளாம். உம்மா விரட்டச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். "நேத்துப் படம் பாத்துட்டு, சரி இருந்துட்டுப் போகுதுன்னுட்டாக டீச்சர்" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பெருமையாக இருந்தது. மறைப்பானேன் — பெருமையாகத்தான் இருந்தது.

20-2-1958
மளிகைக் கடையில் என்னை "படம் சொன்ன டீச்சர்" என்றார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

3-3-1958, திங்கள்
சம்சுனின் வலது கையில் துணி சுற்றியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"குட்டி செத்துப்போச்சு டீச்சர். நுரை தள்ளுச்சு. நீங்க சொன்னாப்லயே மடியில வச்சுப் பால் ஊட்டுனேன். கடிச்சிருச்சு. முந்தாநாள்."

போன மாதம் தெருநாய் ஒன்று குட்டியைக் கடித்திருக்கிறது. தன் கைக் காயத்தை முள் கீறியது என்று உம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறாள். "நான் சரியாப் பாக்கலையா டீச்சர்?" என்று வேறு கேட்டாள்.

வெறிதான். வேறென்ன? அப்போதே அவள் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எதற்காக மடியில் வைத்தாள் என்று கேட்பார்களே. மணி அடித்ததும் வீட்டுக்கு வந்தேன். சோறு வடித்தேன். தின்னவும் தின்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுசியா?

4-3-1958
விடிந்ததும் போனேன். அவள் உம்மா சாரா உம்மாளிடம் கடித்ததை மட்டும் சொன்னேன். முதல் பஸ்ஸில் மூன்று பேரும் புதுக்கோட்டை போனோம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, ஒரு நாளைக்கு ஒன்று, அங்கேயே தங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது தெரியவந்தது என்று டாக்டர் கேட்டார்.

"இன்னைக்குக் காலையில டீச்சர் வந்து சொல்லித்தாங்க தெரியும். இவுக இல்லாட்டி எம்புள்ள போயிருக்கும்" என்று சாரா உம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் தலையாட்டினேன்.

8-3-1958, சனி
படவண்டி அறந்தாங்கியில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, போய் ஞானமணியிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். அப்பா சொன்னது இதுதான்: அதற்கு வெறி பிடித்துவிட்டது, அதற்கு இப்போது உன்னைத் தெரியாது, கிட்டே போகாதே. நரி செத்துவிடுகிறது. புல்வெளியில் ஓடியது பையன் நினைவில் ஓடிய நரி.

"நீங்க மாத்திச் சொன்னதை அன்னைக்கே கவனிச்சேன் டீச்சர். பிள்ளைக அழக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஞானமணி. அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். எத்தனை பொய்!

16-3-1958, ஞாயிறு
கோயிலில் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் கொடுத்த செபங்களைச் சொல்லி முடித்தேன். மனசு ஆறவில்லை. நான் பொய் சொன்னது சாமியாரிடமா?

18-3-1958
நேற்றோடு பதினாலும் முடிந்தது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். இன்னும் மூன்று மாதமாவது கவனமாகப் பார்க்க வேண்டுமாம்.

23-3-1958, ஞாயிறு
போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இங்கிலீஷ் தெரியாததை, காகிதத்தை வாங்காததை, திங்கட்கிழமையே தெரிந்தும் ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டிருந்ததை.

சாரா உம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். ஜைனுதீன் தரையைப் பார்த்தபடி, "நோன்பு வச்சிருக்கேன் டீச்சரம்மா. இப்ப வாயத் தொறந்தா தப்பா எதுவும் வந்துரும். போயிட்டு வாங்க" என்றார்.

வாசல் வரை சம்சுன் வந்தாள். "அப்ப அந்த நரி பொழைக்கலையா?"

"இல்லம்மா."

"அதைச் சொல்லியிருந்தா நான் தள்ளியே நின்னிருப்பேன்ல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

24-3-1958
ஹெட்மாஸ்டரிடமும் சொன்னேன். "பிள்ளைதான் பொழைச்சிருச்சே. இதைப் போய் எதுக்கு வெளியில சொன்னீங்க?" என்றார். சம்சுன் இன்று பள்ளிக்கு வரவில்லை.

30-4-1958
பரீட்சை முடிந்து பள்ளி விட்டாயிற்று. அவள் வரவே இல்லை. வருகைப் பதிவைப் பார்த்துத் தேர்ச்சி போட்டுவிடலாம் என்று ஹெட்மாஸ்டரே சொல்லிவிட்டார். சந்தையில் ஜைனுதீன் மற்றவர்களுக்கு மீன் நிறுத்துப் போட்டபடி இருந்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

16-6-1958, திங்கள்
பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பும் எனக்குத்தான். இரண்டாம் மணி அடித்த பிறகு ஜைனுதீன் சம்சுனைக் கூட்டிவந்து வாசலில் விட்டார். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பிள்ளை கொஞ்சம் இளைத்திருந்தாலும் நன்றாக இருக்கிறாள். எப்போதும் உட்காரும் முன்வரிசையை விட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

பிராணிகள் பாடம். திமிங்கலம் மீன் இல்லை என்று சொன்னேன். பின்னாலிருந்து அவள் கை தூக்கினாள்.

"நெசமா டீச்சர்? அத்தா மீனுன்னுல்ல சொல்றாக."

"புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"சரி. நாளைக்குக் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.