நட்சத்திரக் கோலத்தில் பூசணிப்பூ

டிசம்பர் 25, இரவு

இல்லை, அம்மா உள்ளே வரவில்லை. ஆனால் வாசல்வரை வந்தாள். அருளை நான் கல்யாணம் செய்துகொண்ட பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்கு அவள் வந்தது இதுதான் முதல் முறை.

மார்கழியில் அம்மா அசைவம் தொடமாட்டாள். அதற்காகவே என் மாமியார் புதுப் பாத்திரம் வாங்கி, சர்ச்சுக்குப் போகும் முன்பே காய்கறி பிரியாணி தனியாகச் செய்துவைத்திருந்தார்.

“உள்ள வாங்க சம்பந்தி, உங்களுக்குன்னே செஞ்சது.”

“இருக்கட்டுங்க, ஆட்டோ நிக்குது.”

அம்மா மேலே தொங்கிய நட்சத்திரத்தைப் பார்த்தாள். பிறகு கீழே நான் போட்டிருந்த நட்சத்திரக் கோலத்தை.

“மார்கழில பூசணிப்பூ இல்லாம என்னடி கோலம்?”

“இங்க எங்கம்மா கிடைக்கும்?”

பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். பூ இருந்தது, சாணி உருண்டையும் இருந்தது.

“ஐயோ, சாணியுமா! ஆட்டோக்காரர் எப்படி ஏத்துனாரு?” மாமியார் சிரித்தார்.

“மூக்கப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தாரு.” அம்மாவும் சிரித்துவிட்டாள்.

குனிந்து கோலத்தின் நடுவில் சாணியை வைத்துப் பூவைச் செருகினாள். அவள் தலை என் கைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. தொட்டிருக்கலாம்.

“மாசம் முடியறவரைக்கும் எம் பொண்ணு வீட்டு வாசல் வெறுமையா இருக்கக் கூடாதுங்க,” என்றாள். மாமியாரிடம்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொண்ணு வீடு என்றாள். நாளைக்கும் வருவாயா என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

விடியும் முன்பே வாசல் தெளிக்க வேண்டும். அலாரம் வைத்தேன்.