ஆண்டிச் சீட்டுக்கு அர்த்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.3.1988

அன்புள்ள அத்தானுக்கு,

பாலம்மாள் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை. அதைத்தான் பழைய பஸ் ஸ்டாண்டுக் கிளி பார்த்துக்கொள்கிறதே.

உங்கள் பெயருக்குக் கிளி எடுத்துப் போட்டது பழனியாண்டவர் படம். மொட்டைத் தலை, கோவணம், கையில் தண்டம். அடுத்த தைப்பூசம் வரை பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் இருந்தால் மில் வேலை போய் நீங்களும் ஆண்டியாவீர்கள், அவள் முகத்தில்கூட விழிக்கக் கூடாது என்று ஜோசியக்காரர் அர்த்தம் சொன்னார். மறுநாளே என்னையும் டிரங்குப் பெட்டியையும் பஸ் ஏற்றிவிட்டீர்கள். ஒரு நெல்மணிக்குச் சீட்டெடுக்கிற பறவை உங்கள் குடும்பத்தை நடத்துகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் படத்தில் இருப்பவர் கோபித்துக்கொண்டு தாமே மலையேறினார். வீட்டுப் பெண்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிடவில்லை. சீட்டு விழுந்ததும் உங்கள் பெயருக்குத்தான். அப்படியானால் போக வேண்டியது நீங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள், நான் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள்,
பாலம்மாள்


ராஜபாளையம்
28.3.1988

பாலம்மாளுக்கு சீனிச்சாமி எழுதிக்கொண்டது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். சாமி படத்தை வைத்துக் கேலி பேசாதே. மேஸ்திரி வேலைக்கு என் பெயர் போயிருக்கிறது, இந்த நேரத்தில் குறுக்கே நிற்காதே. சீட்டை மதிக்காத கருத்தப்பாண்டிக்கு வேலை போனது உனக்கே தெரியும். உன்னைக் காட்டிலா விட்டேன், பிறந்த வீட்டில்தானே இருக்கிறாய். தைப்பூசம் வரை பொறுத்துக்கொள்.

ஊறுகாய் ஜாடியை எங்கே வைத்தாய் என்று எழுது.

சீனிச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.4.1988

அன்புள்ள அத்தானுக்கு,

ஊறுகாய் அடுப்படிப் பரணில் இருக்கிறது. கருத்தப்பாண்டி அண்ணனுக்கு வேலை போனது நைட் ஷிப்டில் தூங்கியதற்காக. மில்லுக்கே தெரிந்த விஷயம்.

நேற்று தேரடியில் ஒரு கிளி ஜோசியக்காரரிடம் அதே ஆண்டிப் படத்தைக் காட்டி அர்த்தம் கேட்டேன். “நல்ல சீட்டு தாயி. புருசனும் பொஞ்சாதியுமா போயி முடி எறக்குங்க, எல்லாக் கொறையும் தீரும்” என்றார். அரை மணி நேர பஸ் பயணத்துக்குள் சாமி மனசு மாறிவிட்டது. வேண்டிய அர்த்தத்துக்குத் தகுந்த ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் போல.

அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சு வலிக்கிறது. வாயைத் திறந்தால் உங்கள் பேச்சுதான். மாமனார் என்பதற்காக வேண்டாம், தாய்மாமன் என்பதற்காகவாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். கிண்டலையெல்லாம் விட்டுவிட்டுத்தான் கேட்கிறேன். நான் அடுப்படிக்குள்ளேயே இருந்துகொள்கிறேன், முகம் காட்டமாட்டேன்.

தங்கள்,
பாலம்மாள்


ராஜபாளையம்
24.1.1989

பாலம்மாளுக்கு சீனிச்சாமி எழுதிக்கொண்டது.

தைப்பூசம் நல்லபடி கழிந்தது. மேஸ்திரி வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்துவிட்டது. சீட்டு பொய்யில்லை என்று இப்போதாவது ஒத்துக்கொள். மாமா சாவுக்கு நான் வராததை மனதில் வைத்துக்கொள்ளாதே. அப்போது கெடு முடியவில்லை. தம்பி மாரிச்சாமியிடம் கோடித் துணி கொடுத்தனுப்பினேன், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. புறப்பட்டு வா.

சீனிச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.1.1989

சீனிச்சாமி அவர்களுக்கு,

மேஸ்திரி ஆனது தெரிந்தது.

மருமகன் கையால் விழவேண்டிய கோடியை உங்கள் தம்பி போர்த்தினார். பாவம், அவர் தலை நிமிரவே இல்லை. “மருமவன் எங்கட்டி?” என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். “அவியளுக்கு லீவு கெடைக்கல” என்று அம்மா பொய் சொன்னாள். நீங்கள் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டதாகப் பிறகு உங்களைப் பெற்ற அத்தைதான் சொன்னார்கள். தன் அண்ணன் காலைப் பிடித்து அழுதுகொண்டே சொன்னார்கள்.

அதைக் கேட்ட பிறகும், தூக்குகிற வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை தலையைக் காட்டினால் போதும், உங்கள் கிளியைக்கூட மன்னித்துவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் கோழை என்று தெரிந்துதான் குடும்பம் நடத்தினேன். இவ்வளவு கோழை என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை வரமாட்டேன். எந்தக் கிழமையும் வரமாட்டேன். என் தையல் மிஷினை உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். இந்த வீட்டுக்கு வழி தெரிந்தவர் அவர்தான்.

ஐயாதுரை மகள்,
பாலம்மாள்