எட்டுப் பெட்டியில் இரண்டு

4 ஜூன் 1978, ஞாயிறு

புந்தோங் மண்டபத்தில் கல்யாணக் கச்சேரி. இரண்டாவது பாட்டின் நடுவில் எங்கள் ஸ்பீக்கர் பெட்டி புகைவிட்டு உயிரையும் விட்டது. புகையையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பந்தியிலிருந்து கைதட்டினார்கள். எங்கள் குழுவுக்கு இதுவரை கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். கித்தார் வாசிக்கும் மாயாண்டி எழுந்து கும்பிட்டான்.

காரணம், அவன் புதிதாகக் கொண்டுவந்த நூறு வாட் ஆம்ப்ளிஃபையர். பாட்டு, கித்தார் எல்லாம் இனி அதன் வழியேதான். பெட்டி தாங்குவதோ முப்பது வாட். நூறு பேருக்கு வடித்த சோற்றை ஒரே இலையில் கொட்டினால் இலை என்ன செய்யும்?

"ஒன்னும் இல்ல மச்சான், பெட்டிக்கு வயசாயிருச்சு" என்றான்.

நான் குழுவின் செயலாளர். அதாவது ஒயர் சுருட்டுபவன்.

7 ஜூன், புதன்

ஆம்ப்போடு வந்த கையேட்டைப் படித்தேன். பத்துப் பொருத்தம் வேண்டாம், இரண்டு போதுமாம். ஆம்ப் தருவதைவிடப் பெட்டி தாங்குவது கூடுதலாக இருக்கவேண்டும். ஒலிக் குமிழை முழுதாகத் திருகினால் ஆம்ப் எழுதியிருப்பதற்கு மேலேயே தரும். மாயாண்டி முழுதாகத் திருகாத நாளில்லை. அடுத்தது, ஆம்ப்பின் முதுகிலுள்ள ஓம் என்ற மின்தடைக் கணக்கோடு பெட்டியின் கணக்கு சேரவேண்டும்.

பெட்டிகள் கூடக்கூட ஆம்ப்புக்குச் சுமை குறையும் என்று எண்ணியிருந்தேன். நேர்மாறு. தண்ணீர் இலாகா குமாஸ்தாவான எனக்கு இது புரியாமல் போகுமா? குழாய்களைத் திறந்துகொண்டே போனால் மோட்டார்தான் சூடேறும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு: பெட்டி இல்லாமல் இந்த வால்வு ஆம்ப்பை வாசித்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். துணையில்லாமல் வாழாத சாதி.

11 ஜூன்

கமுந்திங்கில் கலைந்துபோன ஒரு சீனர் குழுவிடமிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. மேலெல்லாம் கீறல், ஒரு மூலையை எலி ருசி பார்த்திருக்கிறது. பொருத்தத்தில் மட்டும் அப்பழுக்கில்லை. மாயாண்டி முழுதாகத் திருகினான். பெட்டிகள் அசையவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மா அக்காதான் அசைந்தார், கையில் விறகுக் கட்டையோடு.

18 ஜூன்

ஐயாவு வீட்டுக்குப் போனேன். லோரி முதலாளி; செம்மோர் பக்கத்தில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலின் தலைவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாயிற்று, சனமெல்லாம் புந்தோங் வந்தாயிற்று. தலைவர் பதவியை மட்டும் யாரும் விற்கவில்லை.

போனது அவர் மகள் நல்லம்மாளைக் கேட்க. அவளுக்கும் எனக்கும் சம்மதம். அவர் மட்டும் பாக்கி.

"பொண்ணு விசயம் திருவிழா முடியட்டும், தம்பி. கச்சேரி நீங்கதானே? பெட்டி எத்தினி?"

"ரெண்டு, ஐயா."

"ரெண்டா? சாவு வீட்டுக்கா வாரீங்க? பக்கத்துத் தோட்டத்துல ஆறு வச்சானுங்க லா. நமக்கு எட்டு."

குழாய், மோட்டார் எல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"என் லோரி எட்டு பெட்டி தூக்கும். ஒங்க ஆம்ப் தூக்காதா?"

எட்டு இல்லையென்றால் வேறு குழு, வேறு மாப்பிள்ளை. இரண்டாவதை அவர் வாயால் சொல்லவில்லை. வாசலில் கல்யாணத் தரகர் உட்கார்ந்திருந்தார்.

19 ஜூன்

எட்டையும் இணைத்தால் ஆம்ப் போகும். இரண்டோடு நின்றால் நல்லம்மாள் போவாள். ஆம்ப்புக்காவது உதிரிப் பாகம் கிடைக்கும்.

25 ஜூன்

அவர் கேட்டது பெட்டிதானே? ஸ்பீக்கர் என்று ஒரு வார்த்தை சொன்னாரா?

9 ஜூலை

மாயாண்டி ஆறு காலிப் பெட்டிகளை அடித்து முடித்தான். முகப்புக்குக் கறுப்புத் துணி, பொன்னிறக் கரை. தைப்பது நல்லம்மாள், அவள் தொழிலே அதுதான்.

"உள்ள என்னாங்க இருக்கு?"

"ஒன்னும் இல்ல."

"அப்பாவுக்குப் புடிக்கும்" என்று மெஷினை மிதித்தாள்.

30 ஜூலை, திருவிழா

முட்டியில் தைலம் தடவிக்கொண்டே எழுதுகிறேன்.

மேடையில் எட்டுப் பெட்டி. ஆறு புது மாப்பிள்ளைகள், ஓரத்தில் கமுந்திங் கிழங்கள் இரண்டு. கச்சேரி தொடங்கியதும் ஐயாவு ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். நான்காவதில் காதை வைத்தார்.

"இதான் லா பேசுது!"

அதற்குள் ஆணியைத் தவிர ஒன்றுமில்லை.

மூன்றாவது பாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் கார் தெரிந்தது. ஐயாவு கத்தினார்: "ஒய்.பி. வாராரு! அந்தச் சொறி புடிச்ச பெட்டி ரெண்டையும் தூக்குங்கடா!" லோரி ஆட்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மாயாண்டியோ கண்ணை மூடி வாசிக்கிறான், முழுத் திருகலில். ஐயோ, பெட்டி இல்லாத ஆம்ப்! டிரம்ஸ் மேல் விழுந்து புரண்டு சுவிட்சை அணைத்தேன். முட்டி போச்சு. ஆம்ப் பிழைச்சிது. அது போதுமா? கோயில் முழுக்க ஒரு சத்தம் இல்லை.

"ஆறு பெட்டி நிக்குதே, ஏன் ஊமையா இருக்கு?" ஐயாவு என்னைத்தான் பார்த்தார். சொல்லிடலாமா? சொன்னா அவ்வளவுதான் —

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நல்லம்மாள் வந்தாள்.

"அப்பா, அது ரெண்டும் மூத்த பெட்டிப்பா. மூத்தத எறக்கிட்டா எளசுங்க வாயத் தொறக்குமா? நீங்க இல்லாத எடத்துல சித்தப்பா பேசுவாரா?"

ஐயாவு யோசித்தார். சித்தப்பா பக்கத்திலேயே நின்றார். அவர் பேசவில்லை.

"அட, ஆமா லா. மொறைன்னு ஒன்னு இருக்கில்ல."

கிழங்கள் மேடை திரும்பின. ஆளுக்கொரு மாலை, சந்தனப் பொட்டு. ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். எட்டும் பேசின.

சட்டமன்ற உறுப்பினர் நான்காவது பெட்டிக்கு நேர் எதிரே அமர்ந்தார். ஒலி மிகத் தெளிவு என்று உரையில் பாராட்டினார்.

31 ஜூலை

நல்லம்மாள் சொல்லியனுப்பினாள்: வாசலில் தரகர் இல்லையாம்.

13 ஜூலை 1980, ஞாயிறு

மாமனார் பேரனைப் பார்க்க வந்தார். நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்ததால் கறுப்புப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பின்பலகை கழன்றது. வெங்காயம் ஒன்று உருண்டுபோய் அவர் காலடியில் நின்றது. குனிந்து உள்ளே கைவிட்டுத் துழாவினார், மேலும் வெங்காயம். நல்லம்மாள் அடுப்படியை விட்டு வரவில்லை. நான் சுவரிலிருந்த காலண்டரைப் படித்தேன்.

"இது நாலாவதா?"

"ஆமா, மாமா."

உருண்ட வெங்காயத்தை உள்ளே போட்டுப் பலகையைச் சாத்தினார். தேநீர் குடித்தார். பேரனைக் கொஞ்சினார். செருப்பை மாட்டும்போதுதான் பேசினார்.

"பக்கத்துத் தோட்டத்தானுங்க இந்த வருசம் பத்து வைக்கிறானுங்களாம், மாப்ள. நமக்குப் பன்னெண்டு. பலகை நான் லோரில அனுப்பி விடுறேன்."