சேரச் சொல்கிற வேலை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம்தான், அப்பாவின் முழங்காலைத் தவிர, அது யார் சொல்லையும் கேட்பதில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன் அல்லவா, அடுப்பே பற்றவைக்கவில்லை. குடிநீர் அலுவலக வேலையோடவே பொதுக் கொள்கையும் மேலாண்மையும் முதுகலையில் படிக்கட்டுமாம்மா, ஊருக்கெல்லாம் சேரச் சொல்றே, எனக்கு என்ன சொல்றே என்று கேட்டாய். நியாயமான கேள்விதான்.

என் வேலை உனக்குத் தெரியும், கல்லூரிச் சேர்க்கைப் பிரிவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், மின்சார அலுவலகம் என்று ஏறி இறங்கி, டிபன் டப்பாவைத் திறந்தவர்கள் முன்னால் நின்று, வேலையை விடாமலே வார இறுதியில் படிக்கலாம், நீங்கள் தினமும் படும் பாடு எந்த மேசையில் முடிவாகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று சொல்வேன். பாதிப் பேர் சாப்பாட்டைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் கடிகாரத்தை. பேருந்துப் பணிமனையில் மட்டும் ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிறவள், டிரைவர்கள் எல்லாரும் டைம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இதைப் படிச்சா ஒரு பஸ்ஸை நிறுத்தறது யாருன்னு தெரியுமா மேடம் என்றாள். தெரியும் என்றேன். அந்த வாரமே சேர்ந்துவிட்டாள்.

படிப்பு முடியும் சமயம் ஆய்வுக் கட்டுரைக்கு அந்த பஸ்ஸையே எடுத்துக்கொண்டாள். மருத்துவமனை வழியாகப் போன சாயங்கால வண்டியை, ஆள் ஏறுவதில்லை என்று நிறுத்தியிருந்தார்கள். பேராசிரியர் சொல்லிக்கொடுத்தபடி மருத்துவமனைப் பக்கமும் போய் விசாரித்தாள், அங்கே ஷிப்டு முடியும் நேரத்தை மாற்றியதை யாரும் பணிமனைக்குச் சொல்லவே இல்லை. வேலை முடிந்த பெண்கள் விளக்கில்லாத சாலையில் நடந்து போவதை, கூடவே நடந்து பார்த்து எழுதியிருந்தாள். கட்டுரை வாசிக்கும் நாளுக்கு வழக்கம்போல அதிகாரிகளை எங்கள் பிரிவுதான் அழைத்தது. போக்குவரத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார், நல்லா பேசினீங்கம்மா என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். மாதம் திரும்புவதற்குள் அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, எல்லைப் பக்கத்துப் பணிமனைக்கு, வீட்டிலிருந்து போய் வர முடியாத தூரம். எழுந்து நடக்க முடியாத மாமியாரும் பள்ளி இறுதி படிக்கிற மகளும் இங்கே. புருஷன் இல்லை. என் அறைக்கு வந்தாள், அழவில்லை, திட்டவில்லை, நீங்க யார்கிட்டயாவது சொல்ல முடியுமா மேடம் என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன், சொல்லாமல் இல்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நம்மால மார்க்தான் போட முடியும், வேற என்ன செய்ய முடியும் என்றார். கல்லூரி முதல்வர், அடுத்த சேர்க்கை வருது, அலுவலகங்களைப் பகைச்சுக்கிட்டா நீங்க எங்கே போய் ஆள் பிடிப்பீங்க என்றார். பணிமனை மேலாளர் நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, நிர்வாகக் காரணம் மேடம், என் கையில ஒண்ணும் இல்லே என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, எங்க மச்சான் ஒருத்தர் சும்மா இருக்காரு, உங்க கோர்ஸ் அவருக்குச் சரிப்படுமா என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா, கைப்பழக்கத்தில் பையிலிருந்து துண்டறிக்கையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, பையில் மிச்சமிருந்த துண்டறிக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் போய்விட்டாள். அலுவலகம் விட்டு வரும் வழியில் அவள் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன், என்னால் ஆனது அவ்வளவுதான். அந்தப் பாட்டியம்மா நான் புது நர்ஸ் என்று நினைத்து, சம்பளம் ஒழுங்காத் தர்றாங்களா என்று விசாரிக்கிறார். இப்போது இந்த வாரம் அந்தச் சாயங்கால வண்டியைத் திரும்ப விட்டிருக்கிறார்கள், அவள் எழுதிக் கொடுத்த அதே நேரத்தில். யாரும் அவள் பேரை எடுக்கவில்லை, அவளைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். உட்கார இடம் கிடைக்குதா மேடம் அவங்களுக்கு என்று கேட்டாள். கிடைக்குது என்றேன்.

இதை வைத்துக்கொண்டு உனக்கு நான் என்ன சொல்வேன். சேர் என்றால் அவள் முகம் வருகிறது, வேண்டாம் என்றால் அந்தப் பெண்கள் பஸ்ஸில் உட்கார்ந்து போவது வருகிறது. அப்பாவைக் கேட்டால், நம்ம பொண்ணு எப்போ நம்மைக் கேட்டு முடிவு பண்ணினா என்கிறார். நாளைக்கு நான் நூலகத்துக்காரர்களிடம் பேசப் போக வேண்டும், அதே பை, அதே பேச்சு. உன் குடிநீர் அலுவலகத்தில் உனக்கு நல்ல மனிதர்களே வாய்க்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும், ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இரு. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. என்றைக்காவது நீ எழுதியதை முன்வரிசையில் ஆள் வைத்துக்கொண்டு வாசிக்கிற நாள் வந்தால், முந்தின நாளே எனக்குச் சொல்லிவிடு. தடுக்க மாட்டேன், தடுக்கவும் தெரியாது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா