அப்பா பேசாததற்குக் காரணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன், நீயும் மாப்பிள்ளையும் நிஜமாகவே நலமாயிருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து இரண்டு மாதமாகப் போகிறது, நாடு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதாகச் செய்தியில் தினமும் சொல்கிறார்கள், தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தெருவில் யாருக்கும் தூக்கமில்லை. தூக்க மாத்திரை கொடுத்து மாளவில்லை என்கிற மருந்துக்கடைக்காரர் தனக்கென்று இரண்டு அட்டையை ஒளித்து வைத்திருக்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, பையைத் தொறந்து காட்டிட்டு அப்புறமா உள்ள வாம்மா என்று என்னிடமே சொல்கிறார், இருபது வருடமாக எனக்கு ரவிக்கை தைக்கிறவர். நிலைய வாசலில் ஒரு சோதனைக் கதவு வைத்திருக்கிறார்கள், யார் நுழைந்தாலும் அது கத்துகிறது, யார் நுழைந்தாலும் காவலர் போங்க போங்க என்கிறார். எனக்கும் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர், சொல்லும்போது அவர் பார்வை யாரோ கதவோரம் மறந்துவிட்டுப் போன ஒரு பையின் மேலேயே இருந்தது.

நான் என்னம்மா தப்பு பண்ணேன், அப்பாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லு என்று போன வாரம் போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. அன்று மூன்றாம் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி ஐந்தாம் நடைமேடைக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது அப்பாதான். மேலிருந்து வந்த உத்தரவு, வழக்கம்போல இரண்டு முறை நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறார். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஐந்துக்கு ஓடினார்கள், குண்டு அங்கே இருந்தது. அதற்குப் பிறகும் வேலைக்குப் போனார், பேச்சைக் குறைத்துக்கொண்டாலும் பேசிக்கொண்டுதான் இருந்தார். விசாரணைக் குழு அவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்து, அறிவிப்பு தெளிவாகவும் அனைவருக்கும் கேட்கும்படியும் இருந்தது என்று பாராட்டி ஒரு வரி சேர்த்திருந்தது. அதைப் படித்த அன்று பேச்சு நின்றது.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, பாடுறவங்களுக்குக்கூட இப்படித் தொண்டை அமையாது சார் என்று இருமல் மருந்து கொடுத்தார். ஊழியர்களுக்கு மனநல முகாம் நடத்தினார்கள், வேறு இடம் இல்லையென்று ஐந்தாம் நடைமேடையில், இவர் படிக்கட்டுவரை போய்த் திரும்பிவிட்டார். சிக்னல்காரர் வீட்டுக்கு வந்து, அண்ணே, நீங்க இல்லன்னா இன்னொருத்தன் சொல்லியிருப்பான், என்ன, அவன் கரகரப்புல பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்காது, மூணுலயே நின்னிருப்பாங்க என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷன், ஆறுதல் சொல்லத்தான் வந்தார். அப்பா அன்று சாப்பிடவில்லை. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அறையில் இருக்கிறாரா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன்மேல் அவருக்குக் கோபமில்லை பாப்பா. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, புது வேலைக்குப் போகலாமா, வீடு மாற்றலாமா என்று அவரிடம் யோசனை கேட்காதே, இனி யாரையும் எங்கேயும் போகச் சொல்ல அவரால் ஆகாது. வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் கூப்பிடு, போனை அவர் காதில் வைக்கிறேன். வந்து சேந்துட்டேம்ப்பா என்று சொல். தினமும் சொல்.

அப்பாவுக்கும் சேர்த்து,
உன் அம்மா