வரியே இல்லாத இடத்தில் ஒரு பொட்டு

அண்ணா,

உன் லேப்டாப் சூடேறினால் இன்னும் ஊதுபத்தி வாசனை வருகிறது. அம்மா வீட்டில் உருட்டும் பத்தியின் மாவு சாவிகளுக்கு நடுவே இறங்கிக் கிடக்கிறது. எப்படித் துடைத்தாலும் போவதில்லை. இன்று மதியம் அதைத் திறந்து வைத்தேன். கீழே மண்டி மொஹல்லா சந்தில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் சந்தன வாசனை மெல்ல எழுந்தது. நீ குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. துடைக்கும்போது திரையின் ஓரத்தில் எதுவோ நகத்தில் தட்டியது. ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது.

நீ வேலை பார்த்த நஞ்சன்கூடு தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரமும் தன் இஷ்டத்துக்குக் கணக்கு எழுதும் என்பாய். ஒன்று தேதியை முன்னால் வைக்கும், இன்னொன்று பின்னால். அந்தக் கோப்புகளையெல்லாம் சலித்து ஒரே அட்டவணையாக்க நீ ஒரு நிரல் எழுதினாய். 'சல்லடை' என்று பெயர் வைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டாய். எடுத்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: இதை எப்படி ஓட்டுவது? வழிசொல்ல நீ எழுதியிருந்த ரீட்மீ பக்கம் உனக்கு மட்டும்தான் புரிந்தது.

"நீ படிச்சுப் பாரு கண்ணு. அதுல சொல்றத மட்டும் செய்யி. எங்க நிக்கறயோ சொல்லு" என்றாய்.

சொல்வதுதான் எனக்கு வராதே. வகுப்பில் எல்லாரும் தலையாட்டும்போது நானும் ஆட்டுவேன். புரியவில்லை என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விடும். அப்படியே பின்தங்கி, ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுப் பத்தி கம்பெனி வேலைக்குப் போனேன். உன்னிடமும் தலையாட்டினேன். நீ சிரித்தாய். அம்மாவின் பொட்டு அட்டையை எடுத்து என் கையில் வைத்தாய்.

"பேசவே வேண்டாம் புள்ள. நின்னுபோன வரியில ஒண்ணு ஒட்டிரு. மீதி என்ற வேலை."

எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஒட்டுவேன். நீ ஒவ்வொரு பொட்டாக உரித்து, அந்த வரியை மறுபடி எழுதுவாய். முதல் பொட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய்: "அட, கதவக் காட்டாமயே உள்ள வாங்கன்னு கூப்புட்டிருக்கறனே!" ஒருநாள் இரண்டு பொட்டோடு லேப்டாப்பை வேலைக்குக் கொண்டுபோய்விட்டாய். உன்னோடு வேலை பார்த்த மஞ்சு அண்ணா, லேப்டாப்புக்குக் கல்யாணமா என்று கன்னடத்தில் கேட்டாராம். அம்மா கை நிறைய மாவோடு சிரித்தாள். "எனக்கு வாங்குன பொட்டெல்லாம் அதும் மூஞ்சிக்கே போகுது. மாப்பிள்ளையும் பாத்துரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு அடிக்கடி கனவில் வருகிறது. நீ பால் வாங்கப் போயிருந்தாய். நான் கடைசிக் கட்டளையை அழுத்தினேன். திரை கறுப்பாகி அப்படியே நின்றது. ஒரு எழுத்தும் வரவில்லை. உன் பொருளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். பிறகு ஒரு பொட்டை எடுத்து அந்த வெறும் கறுப்பின் நடுவில் ஒட்டினேன். நீ வந்து பார்த்தாய்.

"வரியே இல்லாத எடத்துல ஒட்டியிருக்கறே?"

நீ பால் பையைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் அந்தப் பொட்டையே பார்த்தாய். "ஆமா. இங்க ஒரு வரி இருந்திருக்கோணும்" என்றாய். நின்றபடியே ஒரு கையால் எழுதினாய்: 'திரை கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காத்திருங்கள்.' எழுதி முடிப்பதற்குள் அட்டவணை மழை மாதிரி இறங்கத் தொடங்கியது.

போன ஆடி மழையில் நஞ்சன்கூடு சாலை உன்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வீடே அந்தக் கறுப்புத் திரை மாதிரி இருக்கிறது.

இன்று மதியம் மஞ்சு அண்ணா போன் செய்தார். சல்லடையின் பக்கத்தை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். எந்த ஊரோ, யாரோ ஒருவர், ரீட்மீயைச் சுருக்கித் திருத்தி அனுப்பியிருக்கிறாராம். "தும்பா சென்னாகிதெ தங்கி, ரொம்ப நல்லா பண்ணிருக்காரு தங்கச்சி. ஒரே ஒரு வரிய எடுத்திருக்காரு. சும்மா இருக்கும், காத்திருங்கன்னு வருதே, அது. அதுல தகவலே இல்லையாம். அந்தத் திருத்தத்த சாயங்காலம் சேத்துடட்டுமா?"

வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. "ம்" என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் ஆட்டிய அதே தலை. சாயங்காலம் அந்த வரி போய்விடும். அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்தேன், துடைத்தேன், அந்தப் பொட்டு நகத்தில் தட்டியது.

அந்தப் பக்கத்தில் என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். திருத்தத்துக்குக் கீழே, எனக்கு வந்த ஆங்கிலத்தில் எழுதினேன்: 'இந்த வரியை எடுக்காதீர்கள். நான் இங்கே நின்றுபோனேன். கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். இன்னொருத்தியும் பயப்படுவாள்.' அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பத்தி உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. நான் எழுந்திருக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் திருத்தம் அனுப்பியவரின் பதில் வந்தது. 'முதல் தடவை நானும் அங்கே பயந்து மூடிவிட்டேன். மறந்தே போயிற்று. வரி இருக்கட்டும்.'

மஞ்சு அண்ணா உடனே கூப்பிட்டார். "ஏன் தங்கி, மதியமே சொல்லிருக்கலாமல்லவா?"

"நான் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேண்ணா" என்றேன். "கெட்டுப்போகல. காத்திருந்தா வந்துரும்."



ரோஜா நிறப் பொட்டில் பசை இல்லை, அண்ணா. போன் உறைக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பத்தி கம்பெனியில் எங்களுக்குப் புது எடை மிஷின் பழக்குகிறார்கள். எங்கே நிற்கிறேனோ சொல்லிவிடுவேன்.